மெழுகுசீலையின் நாலு மூலை

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரண்டு வருஷம் முந்தி, ஒரு வைகாசி மாதம். நான் அப்போது யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், கடற்கரையிலிருந்து அரை மைல் தள்ளிக் குடியிருந்தேன். சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இந்தச் சம்பவத்தை நான் இதுவரை முழுதாக யாருக்கும் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம்.

அந்தக் காரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மலைநாட்டில் ஒரு தோட்டத்துத் துரைக்குப் பதினொரு வருஷம் சாரதியாக இருந்தேன். அவர் சீமைக்குத் திரும்பும்போது காரை எனக்கே விட்டுப்போனார். யாழ்ப்பாணத்தில் அப்போது ஓடிய வாடகைக் கார்களில் பெரும்பாலும் தோல் ஆசனம்தான். என்னுடையது அப்படியில்லை. சாம்பல் நிறத்தில் மெத்தென்ற துணி ஆசனம், காலுக்குக் கீழே கம்பளம். கலியாண வீட்டுக்காரர் என்னுடைய காரைத்தான் தேடி வருவார்கள். எனக்கும் அதில் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

தோல் என்றால் ஈரத் துணியால் ஒரு துடை, முடிந்தது. துணி அப்படியா? வெற்றிலைச் சாறு, குழந்தையின் மூத்திரம், செம்மண் எல்லாவற்றையும் குடித்துவிடும். துரையின் பங்களாவில் தூசி உறிஞ்சுகிற மின்சார மெசின் ஒன்று இருந்தது. அதைத்தான் காருக்கும் பிடிப்பேன். எங்கள் வீட்டில் மின்சாரம் ஏது? ஆகவே நானே ஒவ்வொன்றாகப் பரீட்சை பண்ணிப் பார்த்தேன். கம்பி பிரஷ் வாங்கி ஆசனத்தில் ஒரு மூலையைக் கிழித்துக்கொண்டதுதான் முதல் பாடம். பிறகு ஆசனத்துக்குக் குதிரைமயிர் பிரஷ், கம்பளத்துக்குப் பனந்தும்பு பிரஷ் என்று பிரித்து வைத்தேன். தையல் இடுக்கில் இருக்கும் மணலை ஊதித் தள்ளச் சைக்கிள் பம்பு. எண்ணெய்ப் பிசுக்குக்குப் பெற்றோல் நனைத்த பஞ்சு. மற்றதற்கெல்லாம் சவர்க்காரமும் சலவைச்சோடாவும் கரைத்த சுடுதண்ணீர். இவை எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். வீட்டில் யாரும் தொடக்கூடாது.

ஏறுகிறவர்களிடம் செருப்பைக் கழற்றச் சொல்வேன். "கோயிலுக்குள்ளை போறதுக்கும் இவ்வளவு ஆசாரம் இல்லை" என்று என் மனைவி பகிடி பண்ணுவாள். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வேன். அவ்வளவு மடையன் நான்.

அன்று காலை பத்து மணியிருக்கும். மறுநாள் விடிய வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கலியாணம். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு நாளாக ஆசனத்தையும் கம்பளத்தையும் தேய்த்துக் காயவிட்டு, அப்போதுதான் திரும்பக் காரில் பூட்டி முடித்திருந்தேன். வேலிப் படலையடியில் யாரோ மூச்சு வாங்கக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

கடற்கரையில் இருந்த ஒரு மீன்பிடிக்காரர். முகம் தெரியும், கதைத்ததில்லை. இருபத்தைந்து வயது இருக்கலாம். ஓடி வந்ததில் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, மனுசிக்கு விடியப்புறம் பிள்ளை பிறந்தது. இரத்தம் நிக்குதில்லை. உடனை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும் எண்டு மருத்துவிச்சி சொல்லிறா. கெதியா வாங்கோ ஐயா."

"ஓம், வாறன். கொஞ்சம் நில்" என்றேன்.

'மாட்டேன்' என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிற அளவுக்குக் கல்நெஞ்சன் இல்லை என்றுதான் அன்றும் நினைத்திருந்தேன். ஆனால் என் மனத்தில் முதலில் ஓடியது அந்தப் பெண்ணின் உயிர் அல்ல. என் சாம்பல் நிற ஆசனம். பிள்ளை பெற்ற வீட்டுத் துடக்கு, தீட்டு இரத்தம். நாளைக்கு அதே இடத்தில் மாப்பிள்ளை இருக்கப்போகிறார். அது தெரியவந்தால் எந்தச் சைவக் குடும்பம் என்னைக் கலியாணத்துக்குக் கூப்பிடும்? ஏறப்போகிறவர்கள் மாதா கோயில் வேதக்காரர், அதுவும் மீன்பிடிக்கிறவர்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. மறைத்து என்ன பயன்?

கம்பளத்தைச் சுருட்டி வெளியே எடுத்தேன். வீட்டுக்குள் போய், சாப்பாட்டு மேசையில் விரிக்கிற மெழுகுசீலையை எடுக்க மனைவியிடம் சொன்னேன். அதன்மேல் சட்டி பானை இருந்தது. எல்லாவற்றையும் இறக்கி எடுத்துக்கொண்டு வந்தால் நடுவில் ஒரு கீறல். மேலே போடச் சாக்கு வேண்டும். வீட்டில் இருந்த சாக்கில் நெல் கிடந்தது. அதைக் கொட்டி உதறினேன். பிறகு மெழுகுசீலை வழுக்காமல் இருக்க நாலு மூலையிலும் கயிறு போட்டு ஆசனத்தின் அடிக்கம்பியில் கட்டத் தொடங்கினேன்.

என் மனைவி வாசலில் நின்று கத்தினாள். "உதென்ன வேலை இப்ப? உதை விட்டிட்டுக் காரை எடுங்கோ!"

"உனக்கென்ன தெரியும்? ஒருக்கால் ஊறிச்சுதெண்டால் சீவியத்துக்கும் போகாது" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

படலைக்கு வெளியே நின்ற அந்த மனிதர் மெல்ல உள்ளே வந்தார். காரின் மற்றப் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, மற்ற இரண்டு மூலைகளையும் அவரே கட்டினார். கடல்தொழில் செய்கிற கை அல்லவா, முடிச்சு நொடியில் விழுந்தது. நான் கட்டியதைவிட இறுக்கமாகவும் இருந்தது. எல்லாமாகக் கால் மணித்தியாலம் போயிருக்கும்.

கடற்கரையில் அவர்களுடைய வீட்டடியில் காரை நிறுத்தியதும் பெண்ணைப் பாயோடு தூக்கி வந்து ஏற்றினார்கள். சின்னப் பெண். முகம் கடதாசி போல வெளுத்திருந்தது. படுக்கச் சொன்னால் படுக்காமல், உடுத்திருந்த சீலையைக் கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஆசன விளிம்பில் ஒடுங்கப் பார்த்தாள். "ஐயாவின்ரை கார் பழுதாப்போகும்" என்று புருஷனிடம் சொன்னாள். அவள் சொல்லி நான் கேட்டது அந்த ஒன்றுதான். அதைக் கேட்டபோது நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. "பிள்ளை, படு, ஒண்டும் பழுதாகாது" என்றேன். அதன்பிறகு நான் ஓடிய ஓட்டம் எனக்கே தெரியாது. குழி, பள்ளம், மாட்டுவண்டி ஒன்றையும் பார்க்கவில்லை. பின்னால் அவர் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னவெல்லாமோ செய்தார். நாங்கள் வராந்தாவில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, உயிர் போய்விட்டது என்று தலையை ஆட்டினார். "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம். ஒரு பத்து நிமிஷம் முந்தியெண்டாலும் ஏதாவது செய்து பாத்திருப்பன்" என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு என்ன தெரியும்? சும்மா சொன்னார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மெழுகுசீலை குலுக்கலில் ஒரு பக்கம் ஒதுங்கி, சாக்கு ஊறி, கீழே ஆசனம் முழுவதும் இரத்தம். நான் செய்த அத்தனை அலுவலும் ஒரு சதத்துக்கும் உதவவில்லை. கலியாண வீட்டுக்கு ஆள் அனுப்பி, கார் வராது என்று சொல்லிவிட்டேன். பிறகு கார்க் கொட்டிலைச் சாத்தினேன். இரண்டு நாள் அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. மரண வீட்டுக்கும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

மூன்றாம் நாள் மனைவி நச்சரிக்க, ஆசனத்தைக் கழற்றி முற்றத்தில் வேப்பமரத்தின் கீழ்ப் பலகையில் வைத்தேன். தகரப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் பரப்பினேன். குதிரைமயிரா, பனந்தும்பா, பெற்றோலா என்று கை ஒவ்வொன்றாய்த் தொட்டுத் தொட்டு விட்டது. மனைவி சலவைச்சோடா போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் படலை திறந்தது. அவர்தான். ஒரு கையில் தண்ணீர்க் குடம், மற்றக் கையில் தேய்ந்துபோன ஒரு தேங்காய்த் தும்புக்கட்டை.

"சுடுதண்ணி ஊத்திப்போடாதேங்கோ ஐயா. சூடு பட்டால் இரத்தம் அவிஞ்சு பிடிச்சிடும். வள்ளத்துப் பாயிலை மீன் இரத்தம் பட்டால் நாங்கள் பச்சைக் கடல்தண்ணியிலைதான் ஊறவிடுறனாங்கள். அதுதான் கொண்டந்தனான்."

"ஐயோ, நீங்கள் உதைச் செய்யக்கூடாது. தாங்கோ நான் கழுவுறன்" என்று தும்புக்கட்டையைப் பிடித்தேன். அவர் விடவில்லை. "என்ரை மனுசியின்ரை, ஐயா. நான்தான் கழுவோணும்" என்றார்.

முழங்காலில் இருந்தார். கடல்தண்ணீரை மெல்ல மெல்ல வார்த்து ஊறவிட்டார். தேய்க்கவில்லை, ஒற்றி ஒற்றி எடுத்தார். குடம் முடிந்ததும் கிணற்றுத் தண்ணீர் கேட்டார். நான் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். வழிந்த தண்ணீர் சிவப்பாக ஓடி, பிறகு வெளிறி, பிறகு வெறும் தண்ணீராக வந்தது. மேலே சொன்ன அத்தனை சாமானில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது. ஆசனம் பழையபடி சாம்பல் நிறமாகக் கிடந்தது. ஒரு சின்ன அடையாளமாவது மிஞ்சியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். இல்லை. சீவியத்துக்கும் போகாது என்று நான் சொன்ன கறை அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆம்பிளை என்ற வெட்கமில்லாமல் அழுதேன்.

இனியும் மறைக்க முடியவில்லை. "அண்டைக்கு நான் மினக்கெட்டு நேரத்தைப் போக்கிட்டன். உந்த மெழுகுசீலையை விரிச்சுக் கட்டாமல் வந்திருந்தால் அவ இருந்திருப்பா. டொக்டர் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே" என்றேன். திட்டட்டும், அடிக்கட்டும் என்றுதான் நின்றேன்.

அவர் தும்புக்கட்டையை உதறிக் குடத்துக்குள் போட்டார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"நானும்தானே ஐயா ரெண்டு மூலை கட்டினனான்."

அவ்வளவுதான் சொன்னார். பிள்ளைக்குப் பால் பார்க்க வேண்டும் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் அந்தப் பச்சைக் குழந்தையைத் தாயின் தமக்கை பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அதன்பிறகு அந்தக் காரை ஒன்பது வருஷம் ஓட்டினேன். வயிற்றோட்டக்காரரை ஏற்றினேன், மரத்தால் விழுந்து மண்டை உடைந்தவரை ஏற்றினேன், பேறுகாலப் பெண்களை எத்தனையோ பேரை ஏற்றினேன். கூப்பிட்டவுடன் கிடந்த கோலத்தில் போனேன். ஆசனத்தில் பிறகு ஒன்றும் விரித்ததில்லை. கலியாண ஓட்டம் மெல்ல மெல்ல நின்றுபோனது. அதற்காக நான் கவலைப்படவில்லை.

ஆனாலும் இன்றைக்கும் யாராவது மேசையில் மெழுகுசீலை விரிக்கக் கண்டால் என்னால் அந்த இடத்தில் இருக்க முடிவதில்லை. என் பாவத்தில் பாதியை அந்த மனிதர் அன்று தன் தலையில் எடுத்துக்கொண்டு போனார். அவர் கட்டியது, என் கார் அப்போதாவது புறப்படும் என்ற தவிப்பில். நான் கட்டியது என் ஆசனத்துக்காக. நாலு மூலையும் என்னுடையதுதான் என்று அவரைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. இன்றைக்கு இங்கே எழுதுகிறேன், கேட்க அவர்தான் இல்லை.