எத்தனை அடி, வெண்டல்?

வெண்டல் கூச்சரா முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். நாற்பது அடி நீள மஞ்சள் பஸ். நெப்ராஸ்காவின் சரளைக்கல் சாலைகளில், பனி கொட்டி வயல் எது ரோடு எது என்று தெரியாமல் போன காலைகளில்கூட, ஒரு பிள்ளையையும் ஒரு நாளும் தாமதமாகக் கொண்டுபோய் விட்டதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். நாலைந்து தடவை தாமதம் ஆனது ஊருக்கெல்லாம் தெரியும். ஆனாலும் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. நல்ல மனுஷர், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு அறுபத்தாறு வயதில் ஒரு வண்டிக்கு எத்தனை அடி நீளம் வேண்டும் என்று முடிவு செய்யத் தெரியவில்லை. ஆறு மாதம் குழம்பினார். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தவன்தான். அந்தக் குழப்பம் அவரோடு நிற்காமல் எங்கள் தெரு முழுக்கப் பரவியது.

வண்டி என்றால் வீட்டு வண்டி. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே போகலாம். வேலையை விட்டதும் அப்படி ஒன்று வாங்கி உன்னை நாடு முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கல்யாணமான புதிதில் மனைவி லவோனிடம் சொல்லியிருந்தார். லவோன் பல் மருத்துவமனை வரவேற்பில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள். ஊர்ப் பற்களையெல்லாம் பார்த்தவள், கடலைப் பார்த்ததில்லை.

வேலை எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஸ் ஓட்டுபவர்களுக்கு அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை உண்டு. அந்த மார்ச் மாதப் பரிசோதனையில் வெண்டலின் இடது கண் பார்வையின் நடுவில் சாம்பல் நிறமாக ஒரு திட்டு இருப்பது தெரிந்தது. வலது கண்ணிலும் அதன் தம்பி தலைகாட்டத் தொடங்கியிருந்தான். இனி பஸ் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். கார் ஓட்டலாம், பகலில் மட்டும், இப்போதைக்கு. வீட்டு வண்டிக்கும் கார் உரிமமே போதும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். நாற்பது அடி பஸ்ஸை ஓட்டக் கூடாதவர் முப்பத்து நாலு அடி வீட்டை ஓட்டலாமாம். இது என்ன கணக்கு என்று வெண்டலுக்கே புரியவில்லை. ஆனால் தனக்குச் சாதகமான கணக்கை யார்தான் கிளறிப் பார்ப்பார்கள்?

ஊரில் "போதும்னு தோணுச்சு, விட்டுட்டேன்" என்று சொல்லி வைத்தார். உண்மை தெரிந்தவள் லவோன் ஒருத்திதான். டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் இருந்தாள். வீடு திரும்பும் வழியில் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

இப்போது வெண்டலுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. லவோன் தன்னோடு வர வேண்டும். அவளோ வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எதைக் காட்டினாலும் "சரி" என்றாள். இருபத்து நாலு அடி வண்டிப் படத்தைக் காட்டினார். "சரி, நல்லாருக்கு." முப்பத்து நாலு அடி. "சரி, நல்லாருக்கு." அந்தச் சரியில்தான் மனுஷர் தூக்கம் கெட்டார். சரியான நீளத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அவள் முகம் மலரும், வாய் திறந்து வருகிறேன் என்பாள் என்று முடிவு கட்டி நீளத்தைத் தேடக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் நிலவறையில் காபியும் பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டியும் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் எல்லா முடிவும் அங்கேதான் எடுக்கப்படும். எல்லா முடிவும் குழம்புவதும் அங்கேதான். ஆர்லன் நோவாட்னி முப்பத்தெட்டு அடி வண்டி வைத்திருப்பவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"யோவ் வெண்டலு, நான் சொல்றதைக் கேளு. எத்தனை அடி வாங்கினாலும் அடுத்த வருஷம் இன்னும் ரெண்டடி இருந்திருக்கலாமேன்னு தோணும். நான் நாலு வண்டி மாத்திட்டேன். இப்பவே பெரிசா வாங்கித் தொலை."

"பெரிசா வாங்கி எங்க நிறுத்துவாரு?" என்று பெர்னிஸ் சண்டைக்கு வந்தாள். பெர்னிஸும் அவள் கணவனும் இருபத்தோரு அடி வண்டியில் பதினொரு வருஷம் சுற்றியவர்கள். "பழைய தேசியப் பூங்காவுல எல்லாம் இருபத்தேழு அடிக்கு மேல இடமே கிடையாது. வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான். உங்க வண்டியை எந்தப் பூங்காவுல விட்டாங்க ஆர்லன்? சூப்பர் மார்க்கெட் வாசல்ல தூங்கினவர்தானே நீங்க?"

"சூப்பர் மார்க்கெட்டானாலும் சோபாவுல காலை நீட்டித் தூங்கினேன்மா. நீயும் உன் புருஷனும் ஒருத்தர் திரும்பிப் படுக்கணும்னா இன்னொருத்தர் எழுந்து வெளிய போகணுமே!"

வெண்டல் இரண்டையும் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டார். அதற்கும் மேல் ஒரு குழப்பம் இருந்தது. வண்டியின் பக்கவாட்டில் 26 என்று பெரிதாக எழுதியிருக்கும். நாடா பிடித்து அளந்தால் இருபத்தொன்பது அடி வரும். அந்த இருபத்தாறு என்பது வெறும் பெயராம். பின்னால் உள்ள தடுப்புக் கம்பியும் ஏணியும் அதில் சேராதாம். முப்பத்து மூன்று வருஷம் நாற்பது என்றால் நாற்பதாகவே ஓட்டிப் பழகியவருக்கு இது மோசடியாகப் பட்டது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை சாக்பீஸை எடுத்துக்கொண்டு வீட்டு முன்புறக் காங்கிரீட் தரையில் முப்பத்து நாலு அடி வண்டியை வரைந்தார். கட்டில் இங்கே, அடுப்பு இங்கே, கழிவறை இங்கே. லவோனுக்கு உள்ளே ஒரு மடக்கு நாற்காலி போட்டு, "மத்தியானம் வரைக்கும் இதுக்குள்ளதான் இருக்கணும். பழகிப் பாக்கலாம்" என்றார். தெருவே வேலியோரம் கூடிவிட்டது. லவோன் காபிக் கோப்பையோடு எழுந்து நேராக நடந்து புல்வெளிக்குப் போனாள்.

"லவோன், அது சுவர்!"

"அப்ப கதவு எங்க?"

"அந்தக் கடைசியில."

"அங்க போறதுக்குள்ள காபி ஆறிடும்."

ஆர்லன் விழுந்து விழுந்து சிரித்தார். வெண்டல் சளைக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவி இருபத்து நாலு அடியில் மறுபடி வரைந்தார். லவோன் உள்ளே வந்து உட்கார்ந்து, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

"அதுவும் நல்லாருக்கு இதுவும் நல்லாருக்குன்னா எதைத்தான் வாங்கறது?"

"நீ சொல்லு. நீதானே டிரைவர்?" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார் மனுஷர்.

இன்னொரு விஷயமும் அவரைக் குடைந்தது. வியாழக்கிழமை தோறும் லவோன் சர்ச்சில் ஒட்டுப்போர்வை தைக்கப் போவாள். ஜூலையில் பார்த்தால் அவளுடைய இடது கை மட்டும் வெயிலில் சிவந்து தோல் உரிந்துகொண்டிருந்தது. நிலவறையில் ஊசி பிடிக்கிறவளுக்கு ஒரு கையில் மட்டும் எப்படி வெயில் படும்? கேட்டார். "ஜன்னலோரம் உக்காந்தேன்" என்றாள். எங்கள் சர்ச் நிலவறைக்கு ஜன்னல் கிடையாது. அதை வைத்தும் இரண்டு நாள் குழம்பினார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் இருவரும் நெடுஞ்சாலை ஓரத்து வண்டி விற்பனை மைதானத்துக்குப் போனார்கள். காரை வெண்டல்தான் ஓட்டினார். உள்ளே நுழைந்ததும் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். விற்பனைக்காரி ட்ரூடி.

"வாங்க லவோன்! முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?"

வெண்டல் திரும்பி மனைவியைப் பார்த்தார். "உனக்கு இவங்களைத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"முதல்ல நீ ஆசைப்பட்ட வண்டியைப் பாரு."

முப்பத்து நாலு அடி வண்டி வெயிலில் மினுமினுத்துக்கொண்டு நின்றது. இந்த மைதானங்களில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வந்தவர்கள் உள்ளே வாழ்ந்து பார்க்க வேண்டும். இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தார்கள். லவோன் உடுப்போடு குளியலறையில் நின்று நனையாத தலைக்கு இல்லாத சோப்புப் போட்டாள். வெண்டல் கழிவறை மூடிமேல் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, முழங்கால் இடிக்கிறதா என்று பார்த்தார். இடிக்கவில்லை. சந்தோஷமாக எழுந்து வந்து ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். கை தானாகவே ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தது. மார்ச்சுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் உடம்பு அதன் இடத்தில் இருந்தது.

லவோன் கீழே இறங்கி வண்டியின் பின்கோடிக்கு நடந்து போனாள். அங்கிருந்து கூப்பிட்டாள்.

"வெண்டல், கண்ணாடியில என்னைப் பாரு. எத்தனை விரல் காட்டறேன்?"

பக்கக் கண்ணாடியில் பார்த்தார். நீலமாக ஏதோ தெரிந்தது, அவளுடைய சட்டை. நீலத்துக்கு மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். கண்ணைச் சுருக்கினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மூணு!" என்றார்.

பிறகு லவோன் நடந்து வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

"ரெண்டு கையாலயும் பையைத்தான் பிடிச்சிட்டு நின்னேன், வெண்டல்."

வெண்டல் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அவள் விடவில்லை.

"ஆறு மாசமா எத்தனை அடி, எத்தனை அடின்னு ஊரையே கேட்டே. யார் ஓட்டறதுன்னு ஒரு தடவை கேட்டியா?"

"நான்தானே ஓட்டுவேன். இதுல கேக்க என்ன இருக்கு?"

"நம்ம வாசல் தபால் பெட்டிக் கம்பத்தைக் காரால ரெண்டு தடவை இடிச்சுச் சாய்ச்சே. காத்துன்னே. நானும் காத்துன்னு தலையாட்டினேன். தப்பு என் மேலயும் இருக்கு. ரோட்டுல பிள்ளைங்க நடக்கும், வெண்டல். உனக்கு நான் சொல்லணுமா?" பையைக் கீழே வைத்தாள். "நீ ஓட்டற வண்டியில நான் வரமாட்டேன். நான் ஓட்டற வண்டியில நீ வருவியா, சொல்லு."

"நீயா? உனக்குக் காரையே பின்னால எடுக்கத் தெரியாதே!"

"வியாழக்கிழமை போர்வை தைக்கப் போகல. இங்க வந்தேன். ட்ரூடி சொல்லிக் கொடுத்தாங்க. இடது கை சிவந்தது டிரைவர் ஜன்னல் வெயில்ல. இருபத்து நாலு அடி வரைக்கும் என்னால முடியும். இருபத்தெட்டுல ஒரு கம்பத்தைச் சாய்ச்சிட்டேன்."

"பிளாஸ்டிக் கம்பம்தான் சார், பரவாயில்ல" என்றாள் ட்ரூடி, தள்ளி நின்று.

முதலில் கோபம்தான் வந்தது. தன் முதுகுக்குப் பின்னால் ஊர் எல்லையில் ஒரு பாடசாலையே நடந்திருக்கிறது. அடுத்து வந்தது வெட்கம். அது கோபத்தைவிட மோசம். முப்பத்து மூன்று வருஷத்துப் பிள்ளைகள் வரிசையாகப் படியேறி வருவதுபோல இருந்தது. அவர்களில் ஒருவரின் முகத்தைக்கூட இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்திருக்க முடியாது. அதை நினைத்ததும் அவர் கை ஸ்டியரிங்கை விட்டது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"இருபத்து நாலுல சோபா இருக்காதே."

"இருக்காது."

"ஆர்லன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

வெண்டல் இறங்கினார். ஏறும்போது வசதியாக இருந்த படி இறங்கும்போது உயரமாகப் பட்டது. லவோன் கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டார்.

இருபத்து நாலு அடி வண்டி மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. அதை எடுத்து ஒரு சுற்று சுற்றி, இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே இருந்த சந்தில் பின்பக்கமாக விட வேண்டும். வீட்டு வண்டிகள் தங்கும் முகாம்களில் இதை ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் நின்று கைகாட்டிச் செய்வார்கள். எங்கள் பக்கத்தில் பல கல்யாணங்கள் ஆட்டம் கண்டது இந்த இடத்தில்தான். லவோன் ஏறி உட்கார்ந்து இருக்கையை முன்னால் தள்ளிக்கொண்டாள். வெண்டலுக்கு எங்கே போய் நிற்பது என்று புரியவில்லை. இடது பக்கம் போனார், வலது பக்கம் போனார். யாரையும் கேட்காமல் நாற்பது அடியைப் பின்னால் எடுத்தவர், பின்னால் நின்று கைகாட்டியதே இல்லை.

கடைசியில் சந்தின் உள்ளே போய், வண்டியின் கண்ணாடி தெரிகிற ஒரு இடத்தில் நின்றார். வண்டி உறுமியது. கண்ணாடி பளபளத்தது. அதற்குள் இருந்தது வெறும் வெளிச்சம்.

"எனக்கு உன் முகம் தெரியல, லவோன்!" என்று கத்தினார்.

மைதானத்தில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மார்ச்சிலிருந்து அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "எனக்கு உன்னை நல்லாத் தெரியுது. அங்கயே நில்லு."

வெண்டல் அங்கேயே நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, வா வா என்று அசைத்தார். வண்டி மெல்லப் பின்னால் வந்தது.