மழைக்கோட்டுக்காரரின் மூன்றாவது பாட்டு

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆவணி மாதம். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்கால வரவேற்பு. நான் மைக் செட் போடுகிறவன். இருபது வருடமாக இதே தொழில். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமகாரியம், எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆயிரம் பேர் கூட்டத்தில் எந்த ஸ்பீக்கர் பாக்ஸ் இரைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்தக் காதை நம்பித்தான் அன்றைக்கு நான் மண்ணைக் கவ்வினேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். வெளியே மண்டை பிளக்கிற வெயில். கணுக்கால் வரை மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, தோளில் கிடாருடன் ஒருவர் உள்ளே வந்தார். ஊரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. நெல் ஏலம் விடுகிற கமிட்டியில் மூட்டை தைக்கிற வேலை. சொந்தமாகப் பாட்டுக் கட்டி, சொந்தமாக மெட்டுப் போட்டுப் பாடுவார். ஆறு கம்பி இருக்க வேண்டிய கிடாரில் நான்குதான் இருக்கும். மேடையில் சிரிக்க மாட்டார். கைதட்டினால், போதும், அடுத்ததைக் கேளுங்கள் என்பார். யாராவது சினிமா பாட்டு கேட்டால் அப்படியே இறங்கிப் போய்விடுவார். காலேஜ் பிள்ளைகள் அவர் பாடுவதைப் போனில் பிடித்துப் போட்டுக் கொண்டாடுவார்கள். என்னைப் போன்ற தொழில்காரர்களுக்கு அவர் ஒரு கிறுக்கு, அவ்வளவுதான்.

அவரைப் பாட வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது கல்யாணப் பெண். நர்ஸ் வேலை பார்க்கிற பெண். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரியப்பாதான் முன்னால் நின்று கல்யாணத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

வந்தவர் மைக்கைக்கூடத் தட்டிப் பார்க்கவில்லை. ஒரு பாக்ஸைச் சாப்பாட்டு ஹால் பக்கம் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டார். பாட்டு கேட்கிறவர்கள் முன்னால் இருக்கிறார்கள், சாம்பார் அண்டாவுக்கு எதற்குப் பாட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டீ சாப்பிடலாம் வாங்க என்றார்.

டீக்கடையில் அவர் வாயைக் கிளறினேன். உங்களுக்கு யார் குரு என்று கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். முதல் குரு பஸ் ஸ்டாண்டு கண்டக்டர்களாம். நாலு ஊர்ப் பெயரை ஒரே மூச்சில் கூவும்போது எந்த இடத்தில் மூச்சை வெட்டுகிறார்களோ, அந்த இடத்தில்தான் பாட்டிலும் வரியை வெட்ட வேண்டுமாம். தாளம் கற்றுக்கொடுத்தது மூட்டை தைக்கிற மிஷின். சின்ன வயதில் மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் தொலைந்துபோய் அழுதுகொண்டு நின்றபோது காதில் விழுந்த பம்பை மேளச் சத்தம் இன்னும் உள்ளே அடிக்கிறதாம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்க மேல்சித்தாமூர் போனபோது, சமணர் கோயிலில் பெண்கள் குரலே உயர்த்தாமல் பாடியதைக் கேட்டு, கத்திப் பாடுவதை அன்றோடு விட்டாராம். அப்புறம் ரேடியோ ரிப்பேர் கடையில் யாரோ விட்டுப்போன ஒரு வெள்ளைக்காரர் கேசட். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அந்த ஆள் பொய் சொல்லவில்லை என்று மட்டும் தெரிந்ததாம். கடைசி விரலை மடக்கும்போது, தன் தெருவில் ஒப்பாரி வைக்கிற பெண்களுக்கு மேல் பாட்டுக் கட்டுகிறவர்கள் உலகத்திலேயே கிடையாது என்றார். எனக்கு டீ புரை ஏறிவிட்டது.

மழைக்கோட்டைப் பற்றியும் கேட்டேன். பொத்தானைக் கழற்றிக் காட்டினார். உள்ளே அவரே தைத்துக்கொண்ட பதினோரு பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் பஸ் டிக்கெட், காலண்டர் தாள், ரேஷன் கடைச் சீட்டு, எல்லாவற்றின் முதுகிலும் பாட்டு வரிகள். சட்டையில் ஒரு பாக்கெட்தானே இருக்கிறது என்றார். அவர் மனைவிக்கு இவர் பாட்டு எதுவுமே பிடிக்காதாம். அதுவும் நல்லதுதான், வீட்டில் ஒருவராவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவர் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

காதல் பாட்டெல்லாம் கட்டுவீர்களா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லா காதல் பாட்லயும் ரெண்டே பேருதான் இருக்காங்க. ரெண்டு பேரு சேர்ந்து நிக்கணும்னா, எங்கியாச்சும் ஒருத்தர் தள்ளி நிக்கிறாங்கன்னு அர்த்தம். அவங்களையும் சேத்துப் புடிக்கலன்னா அது இன்னா காதல்? நான் கல்யாணத்துக்குப் பாட ஒத்துக்குறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். போட்டோவுல யாரு இருக்க மாட்டாங்க?"

இந்தக் கல்யாணத்தில் யார் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்ல கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பிவிட்டேன்.

ஏழு மணிக்கு மேடை ஏறினார். முதல் பாட்டு பஸ் ஸ்டாண்டைப் பற்றி. ஊர்ப் பெயர்களை அடுக்கி, எந்த பஸ்ஸும் வராமல் காத்திருக்கிற காதலனை வைத்துக் கட்டியிருந்தார். மண்டபம் குலுங்கியது. இரண்டாவது பாட்டில் ஒரு பெண் ராஜகிரிக் கோட்டை மேல் விறுவிறுவென்று ஏறிவிடுகிறாள். அவளை இழுத்துக்கொண்டு வந்த பையன் பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்து, நீ மேலே போ, நான் இங்கிருந்தே உன் அழகைப் பார்க்கிறேன் என்கிறான். மாப்பிள்ளையின் நண்பர்கள் விசில் அடித்தார்கள். ஆள் பரவாயில்லையே என்று நானும் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தேன்.

மூன்றாவது பாட்டுக்குக் கிடாரைக் கீழே வைத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு வார்த்தை இல்லாமல் வெறும் ராகமாக இழுத்தார். இரண்டு இழுப்பிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ஒப்பாரி மெட்டு. எத்தனை சாவு வீட்டுக்கு மைக் கட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

எங்கள் தொழிலில் இதில் மட்டும் விளையாட்டே கிடையாது. கல்யாணத்துக்கு ஒரு பென் டிரைவ், காரியத்துக்கு ஒரு பென் டிரைவ் என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன். சாவு வீட்டுக்குப் போய் வந்த வயரை, தண்ணீர் தெளித்துச் சூடம் காட்டாமல் அடுத்த சுப காரியத்துக்கு எடுத்துப் போக மாட்டேன். அப்படிப்பட்ட என் பாக்ஸில், பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நிற்கும்போது ஒப்பாரியா? யாரும் என்னிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. நானேதான் மிக்சரில் அவர் மைக்கை மூடினேன். அடுத்த நொடியே நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டேன்.

பெரியப்பா தூரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு ஒரே பெருமை. மேடையில் மழைக்கோட்டுக்காரரின் வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு நிறுத்திவிட்டுப் பெண்ணைப் பார்த்தார். கிடாரைக்கூட எடுக்காமல் இறங்கி, பக்கவாட்டுக் கதவு வழியாகச் சாப்பாட்டு ஹாலுக்குள் போய்விட்டார்.

பெண் மாலையைக் கையால் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தது. கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் பிசிறே இல்லை.

"அண்ணா, அது எங்கம்மா பாட்டு. நைனா செத்தப்போ அம்மா பாடுன மெட்டு. வார்த்தைய மாத்திக் கட்டித் தரச் சொல்லி நான்தான் கேட்டேன். தாலியறுத்தவ மேடைக்கு வரக்கூடாதுன்னு அம்மா அங்க அண்டா கிட்டயே நிக்குது. எத்தினி வாட்டி கூப்ட்டும் வரல. பாட்டாவது அதுகிட்ட போவட்டும்னு நெனச்சேன்."

பாட்டில் என்ன வார்த்தை இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே வாயை அடைத்திருக்கிறேன். அப்பா இல்லாத பெண் ஆசையாகக் கேட்டது இந்த ஒன்றுதான், அதையும் கெடுத்தாயிற்று. நாதஸ்வரத்தை நிறுத்தினேன். கார்ட்லெஸ் மைக்கை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்கு ஓடினேன். என்னப்பா பண்ணுகிறாய் என்று பெரியப்பா பின்னாலேயே வந்தார். அவருக்குப் பதில் சொல்ல நான் நிற்கவில்லை.

அங்கே பந்தி இன்னும் ஆரம்பிக்கவில்லை. சுவரோரமாக, மங்கலான சந்தனக் கலர் புடவையில் அந்த அம்மா நின்றிருந்தார். கையில் வெற்றிலைத் தட்டு. எதிரே மழைக்கோட்டுக்காரர் மைக் இல்லாமலே பாடிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போய் மைக்கை நடுவில் நீட்டிப் பிடித்தேன். மெட்டு ஒப்பாரிதான். ஆனால் வார்த்தை இப்படி இருந்தது:

"பால் சோறு ஊட்டுன கையி
பூமாலை தொட்டா ஆவாதா"

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள், நிறுத்தச் சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்துக் கை காட்டினார். மழைக்கோட்டுக்காரர் அதே வரியை மறுபடியும் பாடினார். மூன்றாவது தடவை பாடும்போது அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அழுகை போய் முகத்தில் எரிச்சல் வந்துவிட்டது.

"ஆவாதாங்கற எடத்துல இழுக்கக் கூடாது. கையின்னு சொல்றப்பதான் இழுக்கணும்," என்று சொல்லிவிட்டு, எப்படி என்று பாடியே காட்டினார்.

அந்த அம்மாவே கட்டிய மெட்டு அல்லவா, தப்பாகப் பாடினால் விடுவாரா? பால் சோறு ஊட்டுன கையி என்று நீட்டி இழுத்தபோது கல்லும் கரையும் போல இருந்தது. பூமாலை என்று எடுத்தார். அப்போதுதான் தான் என்ன பாடுகிறோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். குரல் அங்கேயே நின்றுவிட்டது. மைக் என் கையில் இருந்தது. மண்டபம் முழுக்க அந்தக் குரல் கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தேன், முன்வரிசைக்காரர்கள் எல்லாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கேயே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவை சரசரக்க வந்து, மேடைக்கு வாங்க சம்பந்தி என்று கையைப் பிடித்தார். அந்த அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். சரி, நீங்கள் அங்கே வர வேண்டாம், நாங்கள் இங்கே நிற்கிறோம் என்று மாப்பிள்ளை சொல்ல, போட்டோகிராபர் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சாம்பார் அண்டா பின்னால் தெரிய எடுத்த அந்தப் படத்தைத்தான் இப்போது அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை முகூர்த்தத்தில், மாலைத் தட்டைப் பெண் தன் அம்மா கையில் கொடுத்தது. அந்த அம்மா மாலையை எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வீட்டு விசேஷத்துக்கு இன்றுவரை என்னைக் கூப்பிடுவதில்லை. தாலி கட்டி முடிந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பெண்ணுக்கு இப்போது ஒரு ஆண் குழந்தை இருக்கிறது.

வயரைச் சுற்றும்போது மழைக்கோட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் காதில் குறை ஒன்றும் இல்லை, ஒப்பாரி என்று கண்டுபிடித்துவிட்டீர்களே என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் வார்த்தையும் கேட்டிருக்கும் என்று சொல்லிவிட்டு, ஏதோ ஒரு பாக்கெட்டைத் தேடிக்கொண்டே போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால், நான் செய்த தப்பையும் திருத்திய விதத்தையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். வீட்டுக்கு வந்ததும் என்னவோ தோன்றி என் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் புரட்டினேன். கல்யாணம் நடந்து அப்போது பதினைந்து வருடம். நான் பத்தாவது படிக்கும்போதே என் அப்பா இறந்துவிட்டார். ஆல்பத்தில் மாமா இருக்கிறார், சித்தி இருக்கிறார், யாரென்றே தெரியாத பத்துப் பேர் இருக்கிறார்கள். அம்மா இல்லை. பந்திப் படம் ஒன்றில், ஓரத்தில் பொரியல் வைக்கிற ஒரு கை மட்டும் தெரிந்தது. மணிக்கட்டில் இருந்த பழைய தீக்காயத்தை வைத்துத்தான் அது அம்மா என்று அடையாளம் தெரிந்தது.

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆல்பத்தைக் காட்டி, யாரும்மா உன்னைப் பின்னால் நிற்கச் சொன்னது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கோபம். மாமாவோ சித்தியோ என்று பெயர் வந்தால் அன்றைக்கே போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

அம்மா காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீதான்டா சொன்ன. பின்னாடி போய் சாப்பாட்ட பாத்துக்கம்மான்னு."

என் மகளின் காதுகுத்துக்கு அம்மாவைப் பிடிவாதமாக முன்வரிசையில் உட்கார வைத்தேன். உனக்கு என்ன பைத்தியமா என்று திட்டிக்கொண்டே புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எல்லாப் படத்திலும் இருக்கிறாள். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன நான் மறுநாளே மறந்துவிட்டேன், கேட்ட அவள் பதினைந்து வருடம் ஒருவரிடமும் சொல்லாமல் மனதில் வைத்திருந்தாள் என்பது, இன்றைக்கும் அவள் எனக்குச் சோறு போடும்போதெல்லாம் என்னை அந்தத் தீக்காயத்தையே பார்க்க வைக்கிறது.