வள்ளத்தடியில் மாமா சொன்னது

அடம்பனில் தையல் கடையில் இருந்தபோது மாமியின் அழைப்பு வந்தது. "பிள்ளை, மாமா எங்களை விட்டுட்டுப் போட்டார். வலை இழுக்கேக்கை நெஞ்சைப் பிடிச்சவராம்." தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, அவர்கள் ஊரான இலுப்பைக்கடவைக்குப் பஸ் ஏறினேன்.

அவரை அறிந்து இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களுக்கு, சிரிக்க வைக்கும் அவருடைய பகிடிகள் நினைவிருக்கும். எனக்கு நினைவில் நிற்பது, தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய பின் அவர் தன் முதல் வள்ளத்தைக் கடலில் இறக்கிய காலை. பள்ளிக்கூடத்தை விட்டு நான் அவர்கள் வீட்டில் இருந்த காலம் அது. வழக்கப்படி, வள்ளக்காரரின் வீட்டுப் பெண் மெழுகுதிரி ஏற்றிய பிறகே தேவாலயத்துச் சுவாமியார் வள்ளத்தின் மேல் தீர்த்தம் தெளிப்பார். மாமி திரியை எடுத்தார். மாமாவின் அக்கா, என் பெரியம்மா, அதைப் பிடுங்கினார்.

"நீ தள்ளி நில். பிள்ளை பெத்தவள் கொளுத்தட்டும். இவளை அனுப்பிப்போட்டு வேறை ஒருத்தியைக் கட்டடா எண்டால் கேக்கிறானில்லை."

பிள்ளை வேண்டி எத்தனையோ நேர்த்தி வைத்துக் கோயிலுக்கு வெறுங்காலில் நடந்தவர் மாமி. தலை குனிந்து நின்றார்.

மாமாவின் குரல் நடுங்கியது. "அக்கா, குறை அவவிலை இல்லை. எனக்குத்தான் வருத்தம், உடம்பிலை நோய். உள்ளுக்கை தழும்பு கட்டி உறுப்பு வளைஞ்சுபோச்சு. அதோடை ஆண்மையும் குறைஞ்சுது. ரெண்டும் சேர்ந்து வாறது புதினமில்லையெண்டு டொக்டர் சொன்னவர். வெக்கத்திலை நான்தான் அவரிட்டைப் பிந்திப் போனனான். இவ்வளவு காலமும் இவ வாய் திறக்கேல்லை."

"அப்ப வள்ளமும் வளைஞ்சுதான் போகுமோ?" என்றான் வள்ளத்தில் தொழிலுக்கு வர இருந்த ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். "வளைஞ்சு போனாலும் கரைக்கு வரும், ஏறடா" என்று சொல்லிவிட்டு, மாமா திரியை வாங்கி மாமியிடம் கொடுத்தார்.

அந்தக் கேலி அவரைக் கடைசிவரை விடவில்லை. சிலர் அவருடன் கடல் தொழிலுக்குப் போவதையே நிறுத்தினார்கள். ஆனால் தூரத்துச் சிலாவத்துறையிலிருந்துகூட ஆண்கள் மீன் வாங்கும் சாட்டில் வந்து, எந்த டொக்டர் என்று மெல்லக் கேட்டுப் போனார்கள். "என்னைப்போலை மறைச்சு வைக்காதையுங்கோ. முந்திக் காட்டினால் வைத்தியம் லேசு" என்பார். அவருக்கு மருந்து முழுதாகக் கேட்கவில்லை.

செத்தவீட்டில் பெரியம்மா மறுபடியும் தொடங்கினார். "பேர் சொல்ல ஒரு பிள்ளை பெத்துக் குடுக்காமல் விட்டாளே!" நாலு பேர் நடுவில் தலை நிமிராத நான், "பெரியம்மா, மாமாவே சொன்னவர்தானே" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். அழுகை நிற்கவில்லை. மாமியைச் சாடுவது மட்டும் நின்றது.

மாமியைக் கேட்டுவிட்டே இதை எழுதுகிறேன். "எழுது பிள்ளை. நான் சொன்னால் புருசன்ரை மானத்தை வித்தவள் எண்டுவினம்" என்றார்.

வெட்கம் தீரட்டும் என்று மாமா காத்திருக்கவில்லை, வெட்கத்தோடேயே சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.