கடிதத்தில் இருந்த இன்றைய திகதி

எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. ஐந்தாம் வகுப்போடு ரப்பர் மரத்துக்குப் போனவன் நான். தோட்டத்துத் துரைக்கு எழுதிய அந்தச் சிங்களக் கடிதத்தில் என்னால் வாசிக்க முடிந்தது திகதி ஒன்றுதான்.

எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு வெடிப்பு விட்டிருந்தது. மழைக்கு முன்னால் தோட்டத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி லயத்து ஆட்கள் என்னை அனுப்பினார்கள். நாலு பேர் முன் வாய் திறக்காத எனக்கு, முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. தெஹியோவிட்டையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இருந்த சிங்களப் பிள்ளை, நான் சொல்லச் சொல்லக் கம்பியூட்டரில் தட்டினாள். ஒரே ஒரு தாள்தான் அச்செடுத்தேன். உறையில் போட்டு ஒட்டி, ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கிளாக்கர் ஐயாவிடம் நீட்டிவிட்டு, அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மேடு சரிந்தது. லயத்தின் கடைசிக் காம்பராவின் பின்சுவர் போய்விட்டது. அங்கே குடியிருந்த அக்கா ரப்பர் பால் வெட்டப் போயிருந்ததால் தப்பினார். முன்பே அறிவித்திருந்தால்தான் தோட்டம் சுவரைக் கட்டிக் கொடுக்குமாம்.

"கடிதம் ஒன்னும் வரலியே. காப்பி இருந்தா கொண்டாங்க" என்றார் கிளாக்கர் ஐயா.

அன்று அக்கா என் வாசலில் வந்து நின்றார். "குடுத்தேன்னு சொன்னீங்களே தம்பி. மெய்யாவே குடுத்தீங்களா?"

மறுநாளே கடைக்கு ஓடினேன். கடிதம் கம்பியூட்டரில் இருந்தது. அச்செடுத்துக் கொடுத்த தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறி, ஆபீசில் நீட்டினேன். கிளாக்கர் ஐயா மேல்வரியைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னைக்கு அடிச்சிக்கிட்டு வந்து, ரெண்டு மாசத்துக்கு முந்தி குடுத்தேங்கிறீங்க. தேதியையாவது மாத்திக்கிட்டு வரக்கூடாதா?"

வாங்கிப் பார்த்தேன். இன்றைய திகதி. எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே வரி என்னைப் பொய்யனாக்கியிருந்தது. கடைக்கே திரும்பினேன்.

"அனே, ஐயோ மாமே, அது நான் மாத்தல. அதுவா மாறும்" என்றாள் அந்தப் பிள்ளை. ஏதோ இரண்டு விசையை அழுத்தினாள். திகதி மறைந்து, அந்த இடத்தில் வளைந்த அடைப்புக்குள் ஒரு இங்கிலிஷ் சொல் வந்தது. "இது தேதி இல்ல மாமே. இன்னைக்கு என்ன தேதியோ அதைப் போடுன்னு கம்பியூட்டருக்குச் சொல்றது. நம்ம கடையில வச்சிருக்கிற மாதிரி லெட்டர் எல்லாத்திலயும் இது இருக்கு. தொறந்தா மாறிரும்."

எண்ணுக்கு அடியில் இப்படி ஒரு கட்டளை ஒளிந்திருக்கும் என்று யார் நினைப்பார்?

"எந்தத் தேதி வேணும்? சொல்லுங்க, கையால போட்டுத் தாறேன்."

அதைக் கேட்டதும் இன்னும் பயந்துபோனேன். எந்தத் திகதியும் போடலாமா? அப்படியென்றால் என் கையில் இருக்கும் தாளை யார் நம்புவார்கள்?

"கடதாசியில ஒருக்கா விழுந்தது மாறுமா பிள்ள?"

"அது எப்பிடி மாமே மாறும்?"

மறுபடியும் ஆபீஸ். இந்த முறை ஜன்னலில் நிற்காமல் உள்ளே போனேன். "நான் குடுத்த கடதாசியில தேதி மாறியிருக்காதுங்க. அதைத் தேடுங்க."

"வரலேன்னு சொல்றேன்ல?"

"தேடுங்கய்யா. நான் நிக்கிறேன்."

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அவர் முணுமுணுத்துக்கொண்டே மேசை லாச்சிகளை இழுத்தார். மூன்றாவது லாச்சியில், பழைய செக்ரோல் சம்பளத் தாள்களுக்கு அடியில், என் உறை கிடந்தது. நான் ஒட்டியபடியே. யாரும் பிரிக்கவேயில்லை.

அவரே கிழித்தார். மேலே அந்தப் பழைய திகதி.

வெடிப்பைப் பற்றி நாங்கள் சொன்னதெல்லாம் இரண்டு மாதமும் அந்த லாச்சிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அக்கா மட்டும் அன்று வீட்டில் இருந்திருந்தால்? கிளாக்கர் ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"துரைகிட்ட நானே சொல்லிடுறேன். சுவர் வேலையைத் தொடங்கச் சொல்றேன்" என்றார்.

"அதுக்கு முந்தி ஒரு காப்பி எடுத்துத் தாங்கய்யா" என்றேன். "அக்காகிட்ட காட்டணும்."