ஐந்து மில்லிமீட்டர்த் தகடு

ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறும் இடத்தில், தண்டவாளத்தை ஒட்டிச் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். பயணிகள் அதைக் கவனிப்பதில்லை. நாங்கள் அதைப் பாயின்ட் மெஷின் என்போம். நிலைய அதிகாரி தன் அறையில் பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள் மோட்டார் சுழலும். நாக்குப்போல் நுனி மெலிந்த இரண்டு தண்டவாளத் துண்டுகளை அது நகர்த்தும். ஒன்றைப் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டவைத்துப் பூட்டும். பூட்டு விழுந்ததைத் தானே சோதித்துக்கொள்ளும். அதன் பிறகுதான் சிக்னல் பச்சைக்கு மாறச் சம்மதம் தரும். எல்லாம் நான்கைந்து விநாடிகளில் முடிந்துவிடும். நாக்கு சரியாக ஒட்டவில்லை என்றால் சம்மதம் வராது. சிக்னல் சிவப்பிலேயே நிற்கும்.

அந்தப் பெட்டியைக் கொண்டு நான் ஒரு மனிதரைப் பதினோரு மாதம் பழிவாங்கினேன். வருந்துகிறேன் என்று தொடங்கினால் அது பாதி உண்மைதான்.

கைலாசபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்து, துவாக்குடியில் பொறியியல் படித்து, ரயில்வே சிக்னல் பிரிவில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தவள் நான். பொதுமக்கள் பயன்படுத்தும் ஓர் அமைப்புக்குள் இருந்துகொண்டு அதைக் கொஞ்சமாவது நேர்மையாக இயங்கச் செய்ய முடியும் என்று நம்பித்தான் அந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தேன். என் பொறுப்பில் கொள்ளிடத்துக்கு அப்பால் சில சிறிய நிலையங்கள் இருந்தன. அவற்றின் பெயர்கள் இங்கே தேவையில்லை.

எனக்குக் கீழே ஒரு டெக்னீஷியன் இருந்தார். துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை மேடம் என்பார். அவர் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை செய்திருந்தார்கள். காலையில் மனைவியைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். மாலையில் போய்ப் படுக்கவைப்பார். மாலையில் வீடு திரும்ப முடிகிற இடம் என்பதற்காகவே இந்தப் பிரிவைக் கேட்டு வாங்கியிருந்தார். வேறு எதையும் அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தண்டவாளப் பிரிவுக்கு ஒரு மூத்த பொறியாளர் இருந்தார். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டிலிருந்து இரண்டு வீதி தள்ளிக் குடியிருந்தார். எல்லோருக்கும் பிடித்த மனிதர். புதிதாக வந்த எனக்கு வேலையின் நெளிவுசுளிவுகளை முதலில் சொன்னவரும் அவரே.

அந்த நெளிவுசுளிவுகளில் ஒன்று இது. பாயின்ட் பழுதாகி ரயில் நின்றால், குற்றம் யாருடையது என்று அந்த இடத்திலேயே கூட்டுக் குறிப்பு எழுதி இரண்டு பிரிவும் கையெழுத்திட வேண்டும். தண்டவாளமும் அதைத் தாங்கும் கட்டையும் ஜல்லியும் அவர்கள் பொறுப்பு. பெட்டியும் மின்சாரமும் எங்கள் பொறுப்பு. பெட்டி ஒழுங்காக நகர்த்தவில்லையா, தண்டவாளம் இடம் மாறிவிட்டதா என்று பொழுது சாயும்வரை வாதாடலாம். அதைத் தவிர்க்க எங்களுக்கு முன்னிருந்தவர்கள் முறை வைத்திருந்தார்கள். ஒரு பழுதை ஒரு பிரிவு ஏற்றுக்கொண்டால் அடுத்த பழுதை மற்றப் பிரிவு ஏற்றுக்கொள்ளும், உண்மை எதுவாக இருந்தாலும். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வரும். பதில் எழுதிவிட்டு மறந்துவிடலாம். கேட்ட முதல் நாள் எனக்குக் கூசியது. ஆறாம் மாதம் அதுவும் ஒரு வசதியாகிவிட்டது.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காகச் சிறப்பு ரயில்கள் ஓடிய நாளில், காலை ஒன்பது மணிக்குமேல் எங்கள் நிலையம் ஒன்றில் ஒரு பாயின்ட் நின்றுபோனது. பெட்டிகள் நிறையப் பக்தர்களோடு ஒரு ரயில் நிலையத்துக்கு வெளியேயுள்ள சிக்னலில் காத்துக்கிடந்தது. டெக்னீஷியன் கைப்பிடியோடு ஓடிப் பாயின்ட்டைக் கையால் திருப்பிவைத்து ரயிலை உள்ளே விட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினார். கட்டைகளுக்கு அடியில் ஜல்லி அப்போதுதான் தட்டி ஏற்றப்பட்டிருந்தது. தண்டவாள ஆட்கள் எங்களுக்கு அறிவிக்காமல் அதிகாலையில் வேலை செய்துவிட்டுப் போயிருந்தார்கள். தண்டவாளம் ஒரு பக்கம் உயர்ந்து நாக்கு ஒட்டாமல் போயிருந்தது.

மூத்த பொறியாளர் வந்தார். ஜல்லியைப் பார்த்தார். மறுக்கக்கூட இல்லை. பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

"போனத நான் வாங்கிக்கிட்டேன். இது உங்க முறைம்மா. போட்டுடுங்க."

டெக்னீஷியன் தயங்கினார். நான் அவரிடம் சொன்னேன்: "வழக்கமா போற பேப்பர்தான் அண்ணே."

சிக்னல் பராமரிப்புக் குறைபாடு என்று எழுதியிருந்த இடத்தின் கீழ் கையெழுத்திட்டேன்.

காத்துக்கிடந்த ரயிலில் உயர் அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வந்திருக்கிறார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. இம்முறை எச்சரிக்கைக் கடிதத்தோடு நிற்கவில்லை. விசாரணை வந்து, மாதக்கணக்கில் இழுத்தது. பராமரித்தவர் யார் என்று கேட்டார்கள். பதிவேட்டில் டெக்னீஷியனின் பெயர் இருந்தது. வைகாசியில், ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தால்தான் போய்ச் சேரக்கூடிய ஒரு நிலையத்துக்கு அவரை மாற்றினார்கள். உத்தரவை வாசித்துவிட்டு அவர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார்.

"வழக்கமா போற பேப்பர்னு சொன்னீங்க."

அன்றே மூத்த பொறியாளரின் அலுவலகத்துக்குப் போனேன். உண்மைக் காரணத்தை எழுதிக் குறிப்பைத் திருத்துவோம் என்று கேட்டேன். டெக்னீஷியனின் மனைவியைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். திருத்தினால் நாங்கள் இருவரும் பொய் எழுதியவர்கள் ஆவோம் என்றார். ஒரு ஆள்தானே, இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவார் என்றார். பிறகு அறையிலிருந்தவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"நான் பேப்பர நீட்டினேன், கையப் பிடிச்சா எழுத வெச்சேன்? துவாக்குடியில படிச்ச பிள்ளை, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும்னு சொல்லித் தரலையா?"

அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம்வரை சுமந்துகொண்டு போனேன். அடுத்த நாளும் அது இறங்கவில்லை.

பழிவாங்க எனக்குப் பொய் எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் அதில் இனிமை. மாதந்தோறும் ஒவ்வொரு பாயின்ட்டிலும் இரண்டு பிரிவும் சேர்ந்து ஒரு சோதனை செய்ய வேண்டும். நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஐந்து மில்லிமீட்டர்த் தகடு ஒன்றைச் செருகிவிட்டுப் பெட்டியை இயக்குவோம். தகடு இருக்கும்போது பூட்டு விழக் கூடாது. விழுந்தால், இடைவெளி இருந்தும் சிக்னல் பச்சை காட்டிவிடும் என்று பொருள். அடிக்கட்டை தளர்ந்த இடங்களில் நாக்கு தள்ளும்போது தண்டவாளம் விலகி இடம் கொடுத்துவிடும், பூட்டு விழுந்துவிடும். எங்கள் ஆட்கள் பெட்டியையும் நாக்கையும் இணைக்கும் தண்டின் திருகைச் சரிக்கட்டி அந்தத் தளர்ச்சியை மறைத்துவந்தார்கள். அளவுகளோ, நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் மூத்த பொறியாளர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டவை.

நான் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். தகட்டை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினேன். திருகைத் தொடக் கூடாது என்று என் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். பூட்டு விழுந்த ஒவ்வொரு பாயின்ட்டையும் அன்றைக்கே எழுதி அனுப்பினேன். சரிசெய்யும்வரை அந்த இடத்தில் ரயில்கள் மெதுவாகத்தான் போக வேண்டும்; அந்தத் தாமதம் முழுவதும் அவர் பெயரில் ஏறும். ஓய்வு பெறுவதற்குமுன் சிறந்த பிரிவுக்கான கேடயத்தை ஒருமுறையாவது வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அலுவலக அலமாரியின் மேல்தட்டைக் காலிசெய்து வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தக் காலித் தட்டு என் கண்ணுக்குள் நின்றது.

மூன்றாம் மாதம் அவர் தொலைபேசியில் கேட்டார்: "என்னம்மா, பழிவாங்குறீங்களா?"

"இல்ல சார். டெஸ்ட் பண்றேன்."

ரயிலில் கொள்ளிடப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், அதற்கப்பால் தண்டவாளத்தோரம் நட்ட மஞ்சள் வேகக் குறைப்புப் பலகைகளை எண்ணுவேன். நான்கு, ஐந்து, ஒரு கட்டத்தில் ஏழு. வண்டி தளர்ந்து நடப்பதுபோல் போகும். சக பயணிகள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் குளிரும்.

அடுத்த சித்திரையில் ஒரு நண்பகல். முந்தைய நாள் நான் எழுதி அனுப்பிய பாயின்ட்டில் ஆட்கள் ஜல்லி தட்டிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளம் கண்ணைக் கூசவைத்தது. என் வயதிருக்கும் ஒரு பெண், தட்டுவதற்கான இரும்புக் கோலை ஊன்றி நிமிர்ந்தாள்.

"உங்களுக்கும் அவருக்கும் என்ன தகராறுன்னு எங்களுக்குத் தெரியாது மேடம். ஆனா உங்க அஞ்சு மில்லிக்குக் குனியறது நாங்கதான். அவரு ஜீப்ல ஏசி போட்டு உக்காந்திருக்காரு."

பக்கத்திலிருந்த பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "விடு புள்ள. மேடம் தகடு எடுத்துட்டு வரத தூரத்துல பாத்தாலே எனக்கு இடுப்பு வலி வந்துடுது."

எல்லோரும் சிரித்தார்கள். அதில் கேலி இருந்தது, பகை இல்லை. பகை இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து நிதானமாக எடைபோட்டுப் பார்த்தேன். தளர்ந்த கட்டைகளைச் சரிசெய்தே ஆக வேண்டும். அந்த அளவில் நான் செய்தது சரி. ஜல்லி தட்டும் பெரிய இயந்திரம் எங்கள் பகுதிக்கு வரும் வாரம் தெரிந்திருந்தது. ஆபத்து குறைவான இடங்களை அதற்கு ஒதுக்கியிருக்கலாம். நான் ஒதுக்கவில்லை, ஏனென்றால் அவர் பெயரில் தாமதம் ஏறியிருக்காது. அவரை நோக்கி எறிந்ததெல்லாம் அந்த ஆட்களின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. இன்னொன்றையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். இத்தனை மாதங்களில் டெக்னீஷியன் ஒரு நிலையம்கூட வீட்டுக்கு அருகே நகரவில்லை. அவர் மனைவி தங்கை வீட்டில் போய்க் கிடந்தார். அவருக்காகப் பழிவாங்குகிறேன் என்று நான் எனக்கே சொல்லிவந்தது பொய்.

அவரை மீட்கக்கூடிய ஆதாரம் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஒவ்வொரு பாயின்ட்டின் அசைவையும் விநாடி தவறாமல் பதியும் ஒரு கருவி நிலைய அறையில் உண்டு. அந்த ஏகாதசி நாளின் பதிவை எடுத்துப் பார்த்தேன். அதிகாலையில் பாயின்ட்டை யாரும் இயக்கவில்லை, பெட்டியை யாரும் திறக்கவில்லை. ஆனாலும் பூட்டின் சம்மதம் விட்டுவிட்டு அறுபட்டு, ஒன்பது மணிக்குமேல் நின்றேபோயிருந்தது. வெளியே தண்டவாளத்தை ஆட்டினால்தான் அப்படி ஆகும். பதினோரு மாதம் அதை நான் இணைத்து அனுப்பாததற்கு ஒரே காரணம், அது என் கையெழுத்தையும் பொய்யாக்கும் என்பது.

நான்கு பக்கம் எழுதினேன். முறை வைத்துப் பழுதுகளைப் பிரித்துக்கொண்டதை எழுதினேன். மூத்த பொறியாளர் தாளை நீட்டினார், தெரிந்தே நான் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினேன். பதிவை இணைத்து மேலிடத்துக்கு அனுப்பினேன். நகல் ஒன்றை அவருக்கும் அனுப்பினேன்.

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"உங்களுக்கும் அடி விழும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். உங்களுக்கு எவ்வளவு விழுதுன்னு பாத்துட்டு வாங்கிக்கிறேன்."

அவர் படியிறங்கி வீதியில் போனார். நியாயத்துக்காக மட்டும் அந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். பேசியதில் எனக்கு இன்றுவரை வருத்தமும் இல்லை.

கேடயம் வேறு பிரிவுக்குப் போனது. பணிப் பதிவில் ஒரு கரும்புள்ளியோடு அவர் ஓய்வு பெற்றார். எனக்குக் கிடைக்கவிருந்த பதவி உயர்வு நின்றது. டெக்னீஷியனின் மாற்றல் ரத்தாகி, ஆடி மாதத்தில் அவர் திரும்பிவந்தார். மனைவியை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டதாகச் சொன்னார். நன்றி என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த மாதச் சோதனையன்று நிலைய அறையில் மின்விசிறிக்குக் கீழே பதிவேட்டை விரித்து உட்கார்ந்திருந்தேன். டெக்னீஷியன் பாயின்ட்டிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மேடம், வந்து நீங்களே தகடு வைங்க."

"நீங்க வெச்சா போதும் அண்ணே. அளவச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"உங்க கையெழுத்த நான் நம்பலீங்க. வந்து பாத்துட்டுப் போடுங்க."

குரலில் கோபம் இல்லை. நான் எழுந்து போனேன். ஜல்லியில் முழங்கால் ஊன்றித் தகட்டைச் செருகினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். மோட்டார் முனகியது, பூட்டு விழவில்லை. அதன் பிறகே பதிவேட்டை நீட்டினார்.

மூன்று ஆண்டுகளாக இதே கதைதான். ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு பாயின்ட்டுக்கும், வெயிலோ மழையோ, கூப்பிடுவார், நான் போவேன். ஒருமுறை காய்ச்சலோடிருந்தபோது மறுநாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வைத்துக்கொள்ளலாம், ஆனால் நீங்கள்தான் வர வேண்டும் என்றார். என் முழங்காலில் ஜல்லி குத்திய தழும்புகள் இருக்கின்றன. மாலை பஸ்ஸை மட்டும் அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை.