டீ முடிந்ததும் திறந்த உலை

ஜெர்மனியில் எங்கள் உலோக ஆய்வுக்கூடத்துச் சமையலறையில் காபிக் கோப்பைகளில் ஆளாளுக்குப் பெயர் ஒட்டியிருப்பார்கள். இத்தனை வருடமாகியும் என் கோப்பையில் ‘காஸ்ட்’ என்றே இருக்கிறது. ஜெர்மன் மொழியில் விருந்தாளி. மாற்றித் தரக் கேட்டேன். “ஏன், கோப்பை கசிகிறதா?” என்றாள் அலுவலகப் பெண், உண்மையான அக்கறையோடு.

போன விடுமுறையில் இந்த வேலைக்கே முழுக்குப் போடும் எண்ணத்தோடுதான் சென்னையில் பம்மலுக்குப் போனேன். மனைவியின் அண்ணன் குமரனுக்கு அங்கே பட்டறை. மெக்னீசியத் தகட்டில் கேமரா உறை செய்ய ஆர்டர்; வளைத்தால் தகடு விரிசல் விட்டது. சரிசெய்து கொடுத்தால் நான் பார்ட்னர் என்று பேச்சு, ஊரோடு வந்துவிடலாம்.

அலுமினியமும் துத்தநாகமும் கலந்த மெக்னீசியத்தை உருட்டிச் சூடாக்கினால், நசுங்கிய படிகங்களைத் தின்று புதியவை பிறக்கும். பிறந்ததும் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து விறைத்து நிற்கும். வளையாது. அலுமினியத்தை விட்டு, துத்தநாகத்தோடு துளி கால்சியம் சேர்த்தால், அது படிக எல்லைகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை நகரவிடாமல் பிடிக்கும். புதியவை தாமதமாகப் பிறக்கும். ஆனால் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும்; தகடு வளையும். நான் சொன்னபடி குமரன் அந்தக் கலவையில் தகடு செய்து வைத்திருந்தார்.

அவர் உலைக்குக் கடிகாரம் கிடையாது. டீ வந்ததும் தகடு உள்ளே, காலி கிளாஸ் போகும்போது வெளியே. இதையும் அப்படியே எடுத்து அழுத்தினார். விரிசல் விட்டது.

“இன்னா மாப்ள, உன் ஃபாரின் சரக்கும் அப்பளமாத்தான் கீது.”

“சீக்கிரம் எடுத்துட்டீங்க மச்சான். இதுக்கு நேரம் ஜாஸ்தி வேணும்.”

“எத்தினி வருஷமா இந்த உலையில வெந்துகினு கீறேன், எனுக்கே டைம் சொல்றியா? உண்மைய சொல்லு, அங்க வேலை போச்சா?”

அடுத்த தகட்டை உலையில் வைத்தேன். உலை முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒருவரையும் கதவைத் தொடவிடவில்லை. காலி கிளாஸ்கள் போயின. மறு டீயும் வந்து போனது. பிறகு எடுத்து அழுத்தினேன். சத்தமில்லாமல் மடங்கியது.

குமரன் மடிப்பைத் தடவிவிட்டு, ஆர்டர் கொடுத்தவருக்குப் போன் போட்டார். “சார், ரெடி சார். வெளியாளுங்க யாரும் இல்ல சார், எல்லாம் நம்ம பசங்கதான்.”

“பார்ட்னர் விஷயம் மச்சான்?”

“பட்டறையே வேலைய வுட்டுட்டு உன் மூஞ்சிய பாத்துகினு நின்னுச்சே. உன்ன வச்சிகினு தொழில் பண்ண முடியுமா? ஃப்ளைட் எப்போ?”

அந்தத் தகடு இப்போது ஜெர்மனியில் என் மேசைமேல் இருக்கிறது, ஒரு பாதி ஜன்னலைப் பார்த்து, மறுபாதி கதவைப் பார்த்து. பக்கத்தில் காஸ்ட் கோப்பை. தினமும் மடிப்பில் நகத்தை ஓட்டி விரிசல் தேடுகிறேன். இல்லை. ஆத்திரமாக வருகிறது.