அழுத்தாமல் பிடித்த கை

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கட்டைவிரல் அக்கா என்று பெயர். பெரிய விடுதி ஒன்றின் அடித்தளத்தில் வேலை. மேலே யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளெல்லாம் கடைசியில் எங்களிடம்தான் வந்து சேரும். நானும் அக்காவும் மடிப்பு ஜோடி. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிராக நடந்து வந்து, கையோடு கை சேர்த்து மடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் முகத்தைவிட அக்கா முகத்தைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதில் ஒரு சுருக்கம் கூடினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

பெயர் வந்த கதை சின்னது. முன்பு அக்கா இஸ்திரி மேசையில் இருந்தாள். மணிக்கட்டு வலி உயிரை எடுத்தது. மாத்திரை போட்டால் வயிறு எரிந்தது. போனில் அக்குபிரஷர் வீடியோ ஒன்றைப் பார்த்து, தானே அங்கே இங்கே அழுத்திக்கொண்டாள். வலி போய்விட்டது. அதே வாரம்தான் சூப்பர்வைசர் அவளை இஸ்திரியிலிருந்து மடிப்புக்கு மாற்றினார். எது வேலை செய்தது என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அதன்பிறகு கையில் அகப்பட்டவர்களை எல்லாம் அழுத்தினாள். லிஃப்ட்காரரின் முதுகு, சூப்பர்வைசரின் கழுத்து, எதுவும் தப்பவில்லை. அவள் வீட்டுக்காரர் மட்டும், "வலது முட்டியில இருந்த வலியை இடது முட்டிக்கு மாத்தினது போதும், தாயே" என்று கும்பிட்டு ஒதுங்கிவிட்டார்.

விரும்பி வந்தவள் மருமகள்தான். அவளுக்கு ஃபோன் ஆபீஸில் வேலை. நாள் முழுக்க ஹெட்ஃபோனில் ஊரார் திட்டை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் தலைவலியோடு வருவாள். ஆரம்பத்தில் அவர்களுக்குள், "சாப்பிட்டியாம்மா", "சாப்பிட்டேன் அத்தை", அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் சமையலறை மேசையில் அந்தப் பெண் கையை நீட்டினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையை அக்கா அழுத்தினாள். அன்றிலிருந்து அக்கா அழுத்த அழுத்த, மருமகள் யார் எப்படித் திட்டினார்கள் என்று குரல் மாற்றி நடித்துக் காட்டுவாள். மறுநாள் விரிப்பு மடிக்கும்போது அக்கா அதை என்னிடம் நடித்துக் காட்டுவாள். போன வருஷம் மருமகளுக்கு மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்தது. அந்த வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் இருந்த நாட்களிலும், அந்தக் கை மட்டும் அக்காவிடம் நீண்டது.

அப்படிப்பட்டவள் ஒரு சாயங்காலம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வேண்டாம் அத்தை." மறுநாளும் வேண்டாம். தலைவலி இல்லாமல் இல்லை. ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாளாம்.

அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நகம் குத்திடுச்சோ? ஏதாவது வாய் தவறிச் சொல்லிட்டேனோ?" என்று என்னைக் குடைந்தாள். பெரிய மூளைக்காரி நான், "கையில பிளீச் வாசனை அடிக்குது, அதுவா இருக்கும்" என்றேன். பாவம், தோல் உரியத் தேய்த்துக் கழுவினாள். நகத்தை ஒட்ட வெட்டினாள். வாசனை கிரீம்கூட வாங்கிப் பூசினாள். மருமகளின் கை நீளவில்லை. மகனிடம் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று எழுந்து போய்விட்டான்.

"தெரியாதவன் ஏன்டி ஓடணும்? தனியா வீடு பாக்கறாங்களா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவள்மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"நேரா கேட்டுத் தொலை அக்கா. உன்னால என் விரிப்பெல்லாம் கோணலாப் போகுது."

கேட்டுவிட்டாள். மறுநாள் வந்து, விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்தபடி உதறாமல் நின்றாள்.

"என்மேல கோபமான்னு கேட்டேன். அழுதுட்டா. கோபமில்லை அத்தை, நாள் தள்ளிப் போயிருக்குங்கறா."

நான் என் முனையைக் கீழே போட்டுவிட்டுச் சந்தோஷத்தில் கத்தினேன். அக்கா முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"மாசமா இருக்கறவங்களுக்கு அந்த இடத்தை அழுத்தக் கூடாதாம். அவ ஆபீஸ்ல யாரோ சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வந்து என் வீடியோவைப் போட்டுப் பாத்திருக்கா. கடைசியில அதையேதான் சொல்றாங்களாம்."

"நீ பாக்கலையா?"

"எனக்கு வலி போனதோட நிறுத்திட்டேன். கடைசி வரைக்கும் யாருடி பாக்கறா?" கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போன தடவை தினமும் அழுத்தினேனே."

கீழே போட்ட முனையை நான் குனிந்து எடுத்தேன்.

"அவ டாக்டர்கிட்டயே கேட்டுட்டாளாம். அதனால எல்லாம் கலையாது, அது தானா ஆனதுன்னு சொல்லிட்டாராம். ஆனாலும் உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்க, அதான் மறைச்சேன் அத்தைன்னா. டாக்டரை நம்பறதா, இந்த விரலைச் சந்தேகப்படறதா, எனக்கு ஒண்ணும் புரியலைடி."

"அப்புறம்?"

"நான் அவளைத் தொடவே இல்லை. அவளா என் கையை இழுத்து வெச்சுக்கிட்டா. அழுத்தாதீங்க அத்தை, சும்மா பிடிச்சுக்கோங்கன்னா. விரல் பழக்க தோஷத்துல அங்கேயே போகுது. இழுத்து இழுத்து வெச்சேன்."

"தலைவலி?"

"போயிடுச்சாம். நிஜமாவே போச்சா, எனக்காகச் சொன்னாளா, அதுவும் புரியலை."

விரிப்பை உதறினோம். எதிரெதிராக நடந்து வந்து கை சேர்ந்தபோது, தன் முனைகளை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சீக்கிரம் மடி. அவ ஆபீஸ் விட்டு வர்றதுக்குள்ள நான் வீட்டுல இருக்கணும்."